பதில் முடிந்தது என்று ஸ்கிரிப்ட்டுக்கு எப்படித் தெரியும்?

பைத்தானில் சாக்கெட், அதாவது வலை வழியே இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ளும் முனை, எழுதக் கற்பவர் முதல் நாளே பத்து வரியில் ஒரு சர்வரோடு பேசிவிடுவார். கனெக்ட், சென்ட், ரிசீவ், குளோஸ், அவ்வளவுதான். ஒரே கணினியில் இரண்டு டெர்மினலைத் திறந்து சோதித்தால் நூறு தடவையும் ஒழுங்காக ஓடும். அதே பத்து வரியை மொபைல் டேட்டாவில் ஓட்டிப் பார்த்தால் ஐந்தாவது தடவையோ ஐம்பதாவது தடவையோ பாதிச் செய்தியோடு நிற்கும். பழி பெரும்பாலும் சிக்னல் மேல் விழும். சிக்னல் பாவம், அதற்கு இதில் பங்கு குறைவு.

சாக்கெட்டுக்கு அடியில் தரவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி என்ற நெறிமுறை பைட்டுகளின் ஓட்டம். அதில் 'செய்தி' என்று ஒன்று கிடையாது. அனுப்புபவர் 3000 பைட்டை ஒரே சென்ட்டில் தள்ளினாலும் பெறுபவருக்கு அது 1400, 1400, 200 என்று வரலாம். இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டு ஒரே ரிசீவில் வரவும் செய்யலாம். ரிசீவ் 1024 என்று எழுதினால் '1024 வரும்வரை காத்திரு' என்று பொருள் இல்லை. 'அதிகபட்சம் 1024, இப்போது இருப்பதைக் கொடு' என்றுதான் பொருள். ஒரே கணினிக்குள் எல்லாம் சேர்ந்து வருவதால் இந்தப் பிழை மறைந்திருக்கும்.

வழி எளிது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில், மதிப்பு அதிகமான பைட் முதலில் வரும் வரிசையில், பைத்தானின் ஸ்ட்ரக்ட் மாட்யூல் மூலம் எழுதி அனுப்ப வேண்டும். பெறும் பக்கம் முதலில் அந்த 4 பைட்டும் முழுதாக வரும்வரை லூப்பில் நிற்கும். பிறகு அது சொல்லும் நீளம் நிறையும்வரை நிற்கும். காலியான பைட் சரம் திரும்பினால் எதிர்முனை மூடிவிட்டது என்று அர்த்தம். இதைச் சோதிக்காத லூப் நிற்காமல் சுற்றிச் சிபியுவை 100 சதவீதத்தில் வைத்திருக்கும். அனுப்பும்போதும் சென்ட் அல்ல, சென்ட்ஆல். சென்ட் எத்தனை பைட் போனது என்று எண்ணைத் திருப்பித் தருகிறது. அந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை.

தமிழில் தரவு அனுப்புவோருக்கு இன்னொரு பொறி உண்டு. யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'வணக்கம்' என்பதில் 7 குறியீடுகள், ஆக 21 பைட். வந்த துண்டை அப்படியே டீகோட் செய்தால், அதாவது பைட்டிலிருந்து எழுத்தாக மாற்றினால், ஒரு குறியீட்டின் நடுவில் துண்டு முடிந்த அன்று யுனிகோட் டீகோட் பிழை வந்து நிரல் விழும். ஆங்கில எழுத்தால் மட்டும் சோதித்தவருக்கு இது ஒருபோதும் தென்படாது. முழுச் செய்தியும் சேர்ந்த பிறகு டீகோட் செய்ய வேண்டும். முடியாத இடத்தில் கோடெக்ஸ் மாட்யூலின் இன்கிரிமென்டல் டீகோடரைப் பயன்படுத்த வேண்டும்.

நெட்வொர்க், தொலைத்தொடர்புத் துறையின் ஸ்கிரிப்ட் வேலை முழுவதும் இதே கேள்வியைத்தான் வேறு வேறு உடையில் கேட்கிறது: எதிரே இருப்பவர் பேசி முடித்துவிட்டாரா, இல்லை மூச்சு வாங்குகிறாரா? டான் லைப்ஸ் 1990-இல் டிசிஎல் மொழியின் மேல், எதிர்முனையின் பதிலுக்குக் காத்திருந்து கட்டளை அனுப்பும் எக்ஸ்பெக்ட் என்ற கருவியை எழுதினார். அதன் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. அனுப்புவது எளிது, எதிர்பார்ப்பதுதான் கடினம்.

சிம் போட்டு மொபைல் வலையோடு பேசும் ஜிஎஸ்எம் மோடம் இதைக் கற்க நல்ல பள்ளிக்கூடம். யுஎஸ்பி மோடத்தை லினக்ஸில் செருகினால் டிடிஒய்யுஎஸ்பி 0, 1, 2 என்று இரண்டு மூன்று போர்ட்டுகள் தோன்றும். மோடத்தை இயக்கும் ஏடி கட்டளைகளை எல்லாப் போர்ட்டும் கேட்காது. ஒவ்வொன்றிலும் 'ஏடி' அனுப்பி 'ஓகே' வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் இரண்டு வேலை. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அனுமதிப் பிழை வரும். அடுத்தது மோடம்மேனேஜர். அது பின்னணியில் அதே போர்ட்டைத் திறந்து தன் கேள்விகளை அனுப்பிக்கொண்டிருக்கும். நீங்கள் கேட்காத பதில்கள் உங்கள் பஃபரில் வந்து விழுந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். மோடம்மேனேஜரை நிறுத்துங்கள், அல்லது சாதனங்களைக் கையாளும் யுடெவ் விதியில் அந்தச் சாதனத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

பைத்தானின் சீரியல் போர்ட் நூலகமான பைசீரியலில் 115200 வேகத்தில் திறந்து, முதலில் ஏடிஇ0 கொடுத்து எதிரொலியை அணைப்பது நல்லது. ஏடி+சிஎஸ்க்யூ சிக்னலை 0 முதல் 31 வரை ஓர் எண்ணாகச் சொல்லும். அதை இரட்டித்து 113-ஐக் கழித்தால் டிபிஎம் அளவு. 15 என்றால் -83. 99 வந்தால் அது அருமையான சிக்னல் இல்லை, 'தெரியாது' என்பதன் குறியீடு. வரைபடம் போடுகிறவர்கள் இதை வடிகட்ட மறந்து, அதில் +85 டிபிஎம் என்று ஒரு கோபுரம் எழும்புவதைப் பார்ப்பார்கள்.

குறுஞ்செய்தி அனுப்ப, டெக்ஸ்ட் முறைக்கு மாற்றும் ஏடி+சிஎம்ஜிஎஃப்=1, பிறகு ஏடி+சிஎம்ஜிஎஸ்-உடன் எண். மோடம் '>' குறியும் ஓர் இடைவெளியும் தந்து காத்திருக்கும். இங்கேதான் ரீட்லைன் எழுதியவர் மாட்டுவார், ஏனென்றால் அந்தக் குறிக்குப் பின்னால் புதுவரி வராது. ரீட்லைன் டைம்அவுட் ஆகும்வரை உட்கார்ந்திருக்கும், மோடமும் உட்கார்ந்திருக்கும். குறி வரும்வரை பைட் பைட்டாகப் படித்து, செய்தியை எழுதி, கடைசியில் 26 என்ற பைட்டை, அதாவது கன்ட்ரோல்-இசட்டை, அனுப்ப வேண்டும். அதன் பிறகு ஓகே வர ஒரு நொடியும் ஆகலாம், அரை நிமிடமும் ஆகலாம். 5 நொடியில் பொறுமையிழந்து மறுபடி அனுப்பும் ஸ்கிரிப்ட்டால் ஒரே செய்தி இரண்டு தடவை போய்ச் சேரும். இந்தக் கட்டளைக்கு மட்டும் டைம்அவுட் 60 நொடி வையுங்கள். அப்போதும் பதில் இல்லையென்றால் 'தோல்வி' என்று எழுதாமல் 'நிலை தெரியவில்லை' என்று பதிவு செய்யுங்கள், இரண்டும் வெவ்வேறு. நடுவில் அழைப்பு வந்தால் 'ரிங்' என்றும், செய்தி வந்தால் '+சிஎம்டிஐ' என்றும் மோடம் தானாகப் பேசும். அவற்றைப் பதில் என்று எடுத்துக்கொள்ளாமல் ஒதுக்கிவைக்கத் தெரிய வேண்டும்.

தமிழ்ச் செய்தி என்றால் கணக்கே மாறுகிறது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்துக்கு 7 பிட் குறியீட்டில் 160 எழுத்து. தமிழுக்கு யுசிஎஸ்-2-இல் 70 குறியீடு. மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கில் 70 தேறாது. நீளச் செய்தியைப் பிரித்து அனுப்பினால் ஒவ்வொரு துண்டிலும் 6 பைட் தலைப்புக்குப் போய் 67 மிஞ்சும். ஏடி+சிஎஸ்சிஎஸ்-ஐ யுசிஎஸ்2 என்றும், ஏடி+சிஎஸ்எம்பி-இன் கடைசி எண்ணை 8 என்றும் வைக்க வேண்டும். அப்படி வைத்தபின் பல மோடங்களில் பெறுநரின் தொலைபேசி எண்ணையும் அதே பதினாறடிமான வடிவில் தர வேண்டியிருக்கும். 'செய்தி சரி, எண் பிழை' என்று வரும் குழப்பத்தின் வேர் இதுதான். துண்டுகளை ஒன்றாகத் தெரியவைக்க வேண்டுமானால் டெக்ஸ்ட் முறையை விட்டு, தலைப்பு உட்பட முழுச் செய்தியையும் நாமே பைட்டுகளாகக் கட்டித் தரும் பிடியு முறைக்குப் போவதே சரி.

வன்பொருள் பக்கம் ஒன்று மட்டும். 2ஜி அலைபரப்பின் உச்சத்தில் சிம்800 வகை மாட்யூல் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ராஸ்பெர்ரி பையின் யுஎஸ்பியிலிருந்து மட்டும் மின்சாரம் எடுத்தால் செய்தி அனுப்பும் கணத்தில் மோடம் செத்துப் பிழைத்து, யுஎஸ்பி0 இப்போது யுஎஸ்பி1 ஆகியிருக்கும். தனி மின்வழங்கி கொடுங்கள். ஸ்கிரிப்ட்டில் டெவ்-சீரியல்-பை-ஐடி அடைவில் உள்ள நிலையான பெயரைப் பயன்படுத்துங்கள். ஜியோவுக்கு 2ஜி கிடையாது என்பதால் அந்த சிம்மை இந்த மாட்யூலில் போட்டுவிட்டுப் பதிவு ஆகவில்லையே என்று தேட வேண்டாம்.

கைப்பேசிக்குள்ளேயே ஸ்கிரிப்ட் ஓட்டும் ஆசையும் பழையது. நோக்கியா தன் எஸ்60 பைத்தானை 2006-இல் திறமூலமாக்கியது. கேமரா, குறுஞ்செய்தி, புளூடூத் எல்லாம் சில வரிகளில் கைக்கு வந்தன. அங்கேயும் டைம்.ஸ்லீப் போட்டால் திரை உறைந்துவிடும். ஈ32 மாட்யூலின் ஏஓ_ஸ்லீப்தான் போட வேண்டும். இப்போது ஆண்ட்ராய்டில் லினக்ஸ் டெர்மினலைத் தரும் டெர்மக்ஸ் செயலி. இதை எஃப்-டிராய்டிலிருந்தோ கிட்ஹப்பிலிருந்தோ நிறுவ வேண்டும். கைப்பேசியின் வசதிகளை ஸ்கிரிப்ட்டுக்குத் திறந்துவிடும் டெர்மக்ஸ்:ஏபிஐ துணைச் செயலியையும் அதே இடத்திலிருந்தே எடுக்க வேண்டும். இரண்டுக்கும் கையொப்பச் சாவி ஒன்றாக இல்லாவிட்டால் துணைச் செயலி நிறுவப்படாது. அதோடு டெர்மினலுக்குள்ளும் பிகேஜி இன்ஸ்டால் டெர்மக்ஸ்-ஏபிஐ கொடுக்க வேண்டும். செயலி, தொகுப்பு இரண்டும் வேண்டும். தொகுப்பு மட்டும் இருந்து செயலி இல்லாவிட்டால் கட்டளை பதிலின்றித் தொங்கலாம்.

ரூட் இல்லாத கைப்பேசியில் 1024-க்குக் கீழான போர்ட்டில் கேட்க முடியாது. அதனால்தான் டெர்மக்ஸின் எஸ்எஸ்ஹெச் சர்வர் 8022-இல் நிற்கிறது. திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்மேப் கருவியில், ரூட் கேட்கும் சின் ஸ்கேன் ஓடாது, சாதாரண இணைப்பாகச் சோதிக்கும் கனெக்ட் ஸ்கேன் ஓடும். ஆண்ட்ராய்டு 10 முதல் புராக்-நெட் அடைவு மூடப்பட்டதால், இணைப்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் கிட்டத்தட்ட வெறுமையாகவே வரும். வைஃபை பெயர் தெரியவில்லை என்று வந்தால் இருப்பிட அனுமதியும் இருப்பிடச் சேவையும் இயக்கத்தில் உள்ளனவா என்று பாருங்கள். வைஃபை ஸ்கேனுக்கும் ஆண்ட்ராய்டு 9 முதல் அளவு உண்டு. முன்னணிச் செயலிக்கு 2 நிமிடத்தில் 4 தடவை, பின்னணிச் செயலிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 நிமிடத்தில் ஒன்று. அதற்கு மேல் கேட்டால் பழைய முடிவுகளே புதிது போல வரும். நேரமுத்திரையைப் பார்க்காமல் அளந்தவர் ஒரே அளவீட்டை நூறு தடவை எழுதியிருப்பார்.

இரவு முழுக்க ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் காலையில் 'சிக்னல் 9' என்ற வரியோடு கிடந்தால் அது உங்கள் பிழை இல்லை. ஆண்ட்ராய்டு 12, செயலிகள் கிளப்பிய துணைச் செயல்முறைகளை மொத்தத்தில் 32-க்கு மேல் பொறுத்துக்கொள்ளாது. ஆண்ட்ராய்டு 14-இல் டெவலப்பர் அமைப்புகளில் இதை அணைக்க ஓர் ஆளி உண்டு. 12-இல், கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவி வழியே மாற்ற வேண்டும். கைப்பேசி உறங்காமல் தடுக்கும் டெர்மக்ஸ்-வேக்-லாக், பேட்டரி விலக்கு ஆகிய இரண்டும் தனி. ஏடிபி என்றதும் நினைவுக்கு வருவது: கைப்பேசிப் பட்டியலை வைல்-ரீட் லூப்பில் படித்து ஒவ்வொன்றிலும் ஏடிபி ஷெல் ஓட்டினால் முதல் கைப்பேசியோடு லூப் முடிந்துவிடும். மீதிப் பட்டியலை ஏடிபி ஷெல் தன் உள்ளீடாக விழுங்கிவிடுகிறது. உள்ளீட்டை டெவ்-நல்லுக்குத் திருப்பினால் சரியாகும். எஸ்எஸ்ஹெச்சுக்கும் இதே நோய், அதற்கு -என் என்ற தேர்வு மருந்து.

மொபைல் வலையில் நீண்ட நேரம் திறந்திருக்கும் இணைப்பு இன்னொரு தலைவலி. உங்கள் கைப்பேசிக்கு 100.64-இல் தொடங்கும் முகவரி வந்திருந்தால் நீங்கள் மொபைல் நிறுவனத்தின் பொது நாட் பெட்டிக்கு, அதாவது பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரியில் இணையத்துக்கு அனுப்பும் பெட்டிக்கு, பின்னால் இருக்கிறீர்கள். பேச்சில்லாத இணைப்பை அந்தப் பெட்டி சில நிமிடங்களில் மறந்துவிடலாம், இரு முனைக்கும் சொல்லாமல். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் லினக்ஸின் கீப்அலைவ் இயல்பாக 7200 நொடி கழித்தே முதல் சோதனையை அனுப்பும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 60 நொடியில் இருந்து தொடங்கி உங்கள் நிறுவனத்தின் வலையில் எது தாங்குகிறது என்று அளந்து கொள்ளுங்கள்.

ரௌட்டர், சுவிட்ச் பக்கம் வந்தால் பைத்தானின் எஸ்எஸ்ஹெச் நூலகமான பாராமிகோவும் அதன் மேல் எழுந்த நெட்மிகோவும் வேலையின் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. நெட்மிகோ, ப்ராம்ப்ட், அதாவது அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் வரி, திரும்ப வந்ததும் பதில் முடிந்தது என்று முடிவு கட்டும். நான்காம் பதிப்பில் இயல்பாக 10 நொடி காத்திருக்கும். ஷோ டெக் போன்ற நீளமான கட்டளைக்கு ரீட்_டைம்அவுட்டை நூற்றுக்கணக்கில் ஏற்ற வேண்டும். பக்கம் பக்கமாக நிறுத்தாமல் காட்டச் சொல்லும் டெர்மினல் லெங்த் 0 கட்டளையைக் கொடுப்பதை அது தானே பார்த்துக்கொள்ளும். எக்ஸ்பெக்ட்டில் எழுதுபவர் மறந்தால் 'மோர்' என்ற வரியில் ஸ்கிரிப்ட் விடிய விடிய நிற்கும். ஹோஸ்ட்நேமை மாற்றும் கட்டளையை அனுப்பினால் எதிர்பார்த்த ப்ராம்ப்ட்டே இல்லாமல் போகும். அங்கே எக்ஸ்பெக்ட்_ஸ்ட்ரிங் தர வேண்டும். டெல்நெட்டில் இணைய உதவிய டெல்நெட்லிப் மாட்யூல் பைத்தான் 3.13-இல் நீக்கப்பட்டதையும் பழைய ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

பிழை வந்தாலும் டிஸ்கனெக்ட் நடக்கும்படி 'வித்' தொகுதிக்குள் எழுதுங்கள். பல சிஸ்கோ பெட்டிகளில் விடிஒய் வரி, அதாவது தொலைவிலிருந்து உள்ளே வரும் வழி, இயல்பாக 0 முதல் 4 வரை, ஐந்தே ஐந்து. விழுந்த ஸ்கிரிப்ட் ஐந்து அமர்வைத் திறந்து விட்டுப்போனால், 10 நிமிட எக்ஸெக்-டைம்அவுட் முடியும்வரை மனிதர் யாரும் உள்ளே நுழைய முடியாது.

தொலைவில் உள்ள பெட்டியில் அணுகல் பட்டியலை மாற்றும் ஸ்கிரிப்ட்டுக்கு வரிசைதான் உயிர். முதலில் ஓடும் அமைப்பு சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்து, ரிலோட் இன் 10, அதாவது பத்து நிமிடத்தில் பெட்டியை மறுதொடக்கம் செய்யச் சொல்லும் கட்டளை. 'சேமிக்கவா' என்று கேட்டால் பதில் 'நோ'. பிறகு மாற்றத்தை இடுங்கள். விடிஒய்-இல் இடும் அக்சஸ்-கிளாஸ், அதாவது யார் உள்ளே வரலாம் என்ற பட்டியலைப் பொருத்தும் கட்டளை, புதிய இணைப்புகளை மட்டுமே சோதிக்கும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் உங்கள் அமர்வு சுகமாக ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்கிரிப்ட்டும் வெற்றி என்று எழுதிவிடும். ஆகவே பழைய இணைப்பை மூடாமல், இரண்டாவதாக ஒரு புதிய இணைப்பைத் திறந்து பார்க்க வேண்டும். அது உள்ளே போய் ப்ராம்ப்ட்டைக் கொண்டுவந்த பிறகே ரிலோட் கேன்சல். அதற்கும் பிறகே அமைப்பைச் சேமிக்கும் ரைட் மெமரி. ரைட் மெமரியை முன்னால் கொண்டுபோய், புதிய இணைப்புக் கிடைக்கும் முன்பே சேமித்துவிட்டால், பெட்டி பத்து நிமிடத்தில் மறுபடி எழுந்தாலும் அதே பிழையோடுதான் எழும். அதற்குப் பிறகு கன்சோல் கேபிளோடு வண்டி ஏற வேண்டியதுதான்.