வன்முறை பற்றிக் கேட்கப் போகும் முன்

குடும்ப வன்முறை பற்றி ஆய்வு செய்பவர்கள் கேள்வித்தாளைத் திருத்தித் திருத்தி எழுதுவார்கள். பேட்டியின் நடுவே கணவர் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதைப் பலரும் யோசிப்பதே இல்லை. என்னைக் கேட்டால், அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதில் தெளிவாக இருக்கின்றன. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே பேட்டி எடுக்கலாம். வீட்டாரிடமும் ஊராரிடமும் இதை வன்முறை பற்றிய ஆய்வு என்று அறிமுகப்படுத்தக் கூடாது. பெண்களின் உடல்நலம் பற்றிய ஆய்வு என்றால் போதும். ஆனால் அந்தப் பெண்ணிடம் எதையும் மறைக்கக் கூடாது. என்ன கேட்கப் போகிறோம் என்று தனியாகச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே தொடங்க வேண்டும். இரண்டு வயதைத் தாண்டிய குழந்தையும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கேட்டதைக் குழந்தை அப்பாவிடம் அப்படியே சொல்லிவிடலாம்.

யாராவது வந்தால் கேட்பதற்கென்று உணவு, காய்ச்சல், தடுப்பூசி பற்றிய இன்னொரு கேள்வித்தாள் கையில் இருக்கட்டும். பேச்சை அப்படி மாற்றுவோம் என்று அந்தப் பெண்ணுக்கும் முன்பே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் திடீர் மாற்றத்தில் அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதும் சில நேரம் ஆபத்துதான். அவர் பெயரை ஆய்வோடு இணைக்கும் ஒரே தாள் அதுவாகவே இருக்கலாம். வாய்மொழிச் சம்மதம் பெற்று, பேட்டி எடுப்பவர் அதைப் பதிவு செய்ய ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேளுங்கள். குழந்தைக்குத் தீங்கு நடப்பது தெரிந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கும் இடத்தில், முதல் கேள்விக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொல்வது துரோகம்.

அவர் அழுதால் பதறி நோட்டை மூடிவிடாதீர்கள். சற்றுப் பொறுத்து, தொடரலாமா, நிறுத்தலாமா, வேறொரு நாள் பேசலாமா என்று கேளுங்கள். முடிவு அவருடையது. உதவி எண்கள் உள்ள தாளைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு எண்ணையும் அழைத்துச் சரிபாருங்கள். தாள் வீட்டில் கிடைத்தாலே அடி விழலாம் என்பதால், அதை வைத்திருப்பது அவருக்குப் பாதுகாப்பா என்றும் கேளுங்கள்.

பெயரை நீக்கினால் அடையாளம் மறைந்துவிடாது. சிறிய ஊரில் வயது, தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை மூன்றும் சேர்ந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அவர் சொன்னதை மேற்கோள் காட்டும்போது இந்த மூன்றில் ஒன்றையாவது விட்டுவிடுங்கள் அல்லது பொதுவாக்குங்கள். பெயர்ப் பட்டியலைத் தனிக் கோப்பில் பூட்டி வையுங்கள். ஒலிப்பதிவை எழுத்தாக்கிச் சரிபார்த்ததும் அழித்துவிடுங்கள். எழுத்தாக்குபவரையும் மறக்க வேண்டாம்: அந்தக் குரல்களை நாள் முழுக்கக் கேட்பவர் அவர். அவருக்கும் இடைவெளியும் மனம்விட்டுப் பேச ஓர் ஆளும் திட்டச் செலவிலேயே இருக்க வேண்டும்.