மூன்று பேர் உள்ள அலுவலகம்

"எங்கள் அலுவலகத்தில் இருப்பதே மூன்று பேர்தான். யாரை யாரோடு சேர்த்துக் கணக்கிடுவீர்கள்?" என்று எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு வாடிக்கையாளர் கேட்டார். யார் எந்தப் பொத்தானை எப்போது அழுத்தினார்கள் என்ற பயன்பாட்டுத் தரவை, தனித்தனியாக அல்லாமல் எல்லாரையும் சேர்த்தே கணக்கிடுகிறோம் என்று நாங்கள் சொல்லிவந்ததற்கு அவர் கேட்ட கேள்வி அது. பெயர், மின்னஞ்சல் எதையும் பயன்பாட்டுத் தரவில் வைத்துக்கொள்வதில்லை என்றும், அறிக்கையில் எல்லா நிறுவனங்களின் எண்ணிக்கையும் ஒன்றாகவே வரும் என்றும் பதில் சொன்னேன். இரண்டும் உண்மை, இரண்டும் எங்கள் தனியுரிமைக் கொள்கையில் உள்ளவை. அவர் நன்றி சொல்லி அழைப்பை முடித்துக்கொண்டார்.

நான் பேசியது அறிக்கையைப் பற்றி. அறிக்கைக்கு அடியில் இருக்கும் அட்டவணையைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அதில் ஒவ்வொரு சொடுக்கும் ஒரு வரி: நேரம், பக்கம், பொத்தான், நிறுவனத்தின் குறியீடு, பயனரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட சரம். மின்னஞ்சல் முகவரியை ஹேஷ் செய்து, அதாவது ஒரு கணக்கீட்டு முறையால் அடையாளம் தெரியாதபடி மாற்றி, கிடைக்கும் அந்தச் சரம் ஒரே முகவரிக்கு எப்போதும் ஒன்றாகவே இருக்கும் என்பதால், முகவரி தெரிந்த எவரும் அதே முறையில் ஹேஷ் செய்து பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். மூன்று பேர் மட்டுமே இருக்கும் இடத்தில் அந்தச் சிரமம்கூட வேண்டியதில்லை. அதற்கு முந்தைய வாரம் ஏதோ ஒரு பிழையைத் தேடிப் போனபோது அவர்களுடைய வரிகளை நான் பார்த்திருந்தேன். இரவு 11:40 மணிக்கு ஒருவர் எல்லாக் கோப்புகளையும் தரவிறக்கிவிட்டு, உதவிப் பக்கத்தின் தேடுபெட்டியில் 'கணக்கை நீக்குவது எப்படி' என்று தட்டியிருந்தார். மூவரில் அது யாராக இருக்கும் என்று யோசித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

இதே அட்டவணைதான், இணைப்பு மெதுவாக உள்ளவர்கள் சேமிப்புப் பொத்தானை ஐந்தாறு முறை அழுத்திக்கொண்டிருந்ததையும் எங்களுக்குக் காட்டியது. ஒருவர்கூடப் புகார் செய்யாத பிழை அது. வரிகளைப் பார்த்திராவிட்டால் இன்றுவரை திருத்தியிருக்க மாட்டோம். ஆகவே தரவைச் சேகரித்தது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தப் பிழையைப் பிடிக்கப் பொத்தானும் நேரமும் போதுமாக இருந்தன. தேடுபெட்டியில் தட்டிய சொற்கள் எதற்கு? அவற்றைச் சேகரிக்கலாம் என்று முடிவெடுத்த கூட்டத்தில் நானும் இருந்தேன். பின்னால் பயன்படும் என்பதற்கு மேல் யாரும் காரணம் சொன்னதாக நினைவில்லை.

தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றும் தப்பிக்க முடியாது. 2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் 6,50,000 பயனர்களின் தேடல்களைப் பெயருக்குப் பதிலாக எண் போட்டு வெளியிட்டதையும், தேடிய சொற்களை வைத்தே செய்தியாளர்கள் ஒரு பெண்மணியின் வீடுவரை சென்றதையும் புதிதாகச் சேருபவர்களுக்குப் பாடமாக எடுப்பவன் நான்தான். ஐரோப்பாவில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறை, இப்படிக் குறியீடிட்ட தரவையும் தனிநபர் தரவாகவே கருதுகிறது என்ற வரியும் அந்தப் பாடத்தில் உண்டு.

அமைப்புகள் பக்கத்தின் கடைசியில், பயன்பாட்டுத் தரவைப் பகிர்வதற்கான ஒரு தெரிவு இருக்கிறது; கேட்காமலே அதை இயக்கித்தான் கொடுக்கிறோம். அதை நிறுத்தலாம் என்று அன்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவராகவே கண்டுபிடித்து நிறுத்தியிருப்பார் என்று சில நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. அந்தப் பக்கத்தை அவர்கள் மூவரில் ஒருவரும் திறக்கவே இல்லை என்பதையும் அதே அட்டவணையில்தான் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.