மாணவர்களின் ப்ராஜெக்டுக்குத் தன்னார்வ வழிகாட்டியாக ஒரு செமஸ்டர்

இறுதியாண்டு ப்ராஜெக்டுகளுக்குத் துறையில் வேலை பார்ப்பவர்களை வழிகாட்டிகளாகச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. நான் போன திட்டத்தில் வழிகாட்டிக்குச் சம்பளம் கிடையாது, மதிப்பெண் போடும் அதிகாரமும் கிடையாது. நான் பிழைப்புக்குச் செய்வது எம்பெடட் சாஃப்ட்வேர், அதாவது சின்னச் சின்னச் சிப்புகளுக்குள் ஓடுகிற ப்ரோகிராம். வாரம் ஒரு மணி நேரம் வீடியோ காலில் பேசினால் போதும் என்று அழைப்பில் இருந்தது, சரி என்று பெயர் கொடுத்தேன். அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் முதல் காலுக்கு முன்னாலேயே முடிக்க வேண்டிய வேலைகள் தனி.

முதலில் சொந்த ஆபீசில் அனுமதி. வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலை பற்றி ஒரு பிரிவு இருக்கும், காசு வாங்காமல் செய்வதும் அதில் அடங்குமா என்பது ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு மாதிரி. மேலாளரிடம் வாயால் கேட்டதோடு விடாமல் ஹெச்ஆருக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டேன். ஆபீஸ் லேப்டாப்பைத் தொடக் கூடாது, நிறுவனத்தின் கோட் (எழுதி வைத்த ப்ரோகிராம்), ஆவணம் எதையும் காட்டக் கூடாது என்றார்கள். நியாயம்தான்.

அதைவிடப் பெரிய கேள்வி, எழுதப்போகும் கோட் யாருக்குச் சொந்தம் என்பது. கூகுள் சம்மர் ஆஃப் கோட் போன்ற திட்டங்களில் (2005இலிருந்து நடக்கிறது, முன்பு மாணவர்களுக்கு மட்டும், 2022இலிருந்து ஓப்பன் சோர்ஸுக்கு (யாரும் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருள்) புதியவர்களான மற்றவர்களும் சேரலாம்) இந்தக் குழப்பம் அவ்வளவாக வராது, எழுதுவதெல்லாம் ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள மென்பொருளுக்குள்தான் போகிறது. கல்லூரி ப்ராஜெக்டில் அப்படி இல்லை. மாணவர்களுடையதா, பல்கலைக்கழகத்துடையதா, யோசனை சொன்ன வழிகாட்டிக்கும் பங்கு உண்டா? கடைசியில் பேச உட்கார்ந்தால் மனஸ்தாபம்தான். தொடக்கத்திலேயே பேராசிரியரையும் வைத்துக்கொண்டு பேசி, எம்ஐடி லைசென்ஸ் (உரிமக் குறிப்பை வைத்துக்கொண்டு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்) என்று முடிவு செய்து அந்த ஃபைலை ரெப்போவில், அதாவது கோடைச் சேமித்து வைக்கும் இடத்தில், போட்டோம், நான் எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். லைசென்ஸ் இல்லாமல் கோடைப் பொதுவில் வைத்தால் மற்றவர்கள் பார்க்கலாமே தவிர எடுத்துப் பயன்படுத்தும் உரிமை தானாக வந்துவிடாது என்பது மாணவர்களுக்குப் புதுச் செய்தி. (வேலையில் பல வருடம் இருப்பவர்களிலும் இது தெரியாதவர்கள் உண்டு, அது வேறு கதை.)

எனக்குக் கிடைத்தது நான்கு பேர் கொண்ட குழு. மண்ணில் ஈரம் குறைந்தால் செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி, அதற்கு மொபைல் ஆப், இலையைப் படம் எடுத்தால் நோயைச் சொல்லும் ஏஐ, அப்புறம் ஏன் என்றே விளங்காமல் ஒரு பிளாக்செயின். இதெல்லாம் ஒரே செமஸ்டரில், மற்ற பாடங்களையும் படித்துக்கொண்டே! "கடைசி நாளில் இதில் ஒன்றுதான் வேலை செய்யும் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள்?" என்று கேட்டேன். அவர்களுக்குள் நன்றாகவே சண்டை நடந்தது, கடைசியில் தண்ணீர் விடுவது என்று வந்து நின்றார்கள். இருந்தாலும் மற்றதை விட மனசில்லை, காரணமும் இருந்தது: மதிப்பெண் பட்டியலில் ‘புதுமை’ என்று ஒரு தலைப்பு உண்டு, அதில் அடிபடும் என்ற பயம். அதனால் அவர்களிடம் பேசி மட்டும் பயனில்லை என்று பேராசிரியரிடம் போனேன். ஏஐ பகுதியை ‘அடுத்த கட்டம்’ என்று அறிக்கையில் எழுதினால் போதும் என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் பிள்ளைகளுக்கு மூச்சே வந்தது. பிளாக்செயினைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

என் தொழில் அனுபவத்துக்கு நேரடியாக வேலை வந்தது நடு செமஸ்டரில். ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சின்னச் சிப் போர்டில் ஈரப்பத சென்சாரை மாட்டித் தனியாக ஓட்டினால் அளவு ஒழுங்காக வருகிறது, சர்வருக்கு அனுப்பும் கோடைச் சேர்த்தால் அளவு வருவது நின்றுவிடுகிறது. சென்சாரை மாற்றினார்கள், வயரை மாற்றினார்கள், கைக்காசு போட்டுப் புது போர்டே வாங்கிவிட்டார்கள். "சார், வைஃபை ஆன் ஆனதும்தான் போகுது" என்று ஒருவர் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. சென்சார் வயர் 25ஆம் பின்னில் (போர்டில் வயர் மாட்டும் முனை) இருந்தது. அந்தச் சிப்பில் அனலாக் அளவெடுக்கும் பகுதிகள் இரண்டு, ஏடிசி1, ஏடிசி2 என்று. 25ஆம் பின் இரண்டாவதைச் சேர்ந்தது, அதை வைஃபையும் பயன்படுத்திக்கொள்வதால் வைஃபை ஓடும்போது நமக்குக் கிடைக்காது. வயரைப் பிடுங்கி 34ஆம் பின்னில் மாட்டிக் கோடில் ஒரு எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது, அது ஏடிசி1.

நாக்கு நுனி வரை வந்ததைச் சொல்லவில்லை. "இரண்டு ப்ரோகிராமும் தனித்தனியாக ஓடுகிறது, சேர்த்தால் ஓடவில்லை, அப்படியென்றால் இரண்டும் பங்கு போட்டுக்கொள்வது எதை?" என்று மட்டும் கேட்டு, சிப் தயாரிப்பாளரின் ஆவணத்தில் அனலாக் பகுதியை வரி விடாமல் படிக்கச் சொன்னேன். ஒருவருக்கு முகம் சுருங்கியது தெரிந்தது, பதில் தெரிந்துகொண்டே சொல்லாமல் இருக்கிறார் என்று நினைத்திருப்பார், அது உண்மையும்கூட. அந்த வாரக் கடைசியில், அந்த வரியைச் சிவப்பில் வட்டமிட்ட ஸ்கிரீன்ஷாட் குரூப்பில் வந்தது. அதற்குப் பிறகு புது பாகம் எதை வாங்கினாலும் ஆவணத்தைத்தான் முதலில் திறந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் இப்படி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. தண்ணீர் பம்ப் மோட்டாரை நேராகப் போர்டின் பின்னிலேயே இணைத்து ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். அந்தப் பின் சில பத்து மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்காது, நடுவில் ட்ரான்சிஸ்டரும் டயோடும் வேண்டும் என்று உடனே கூப்பிட்டுச் சொன்னேன். க்ளவுட் கீயும் (இணைய சர்வருக்குள் நுழையும் ரகசியக் குறியீடு) வைஃபை பாஸ்வேர்டும் பொது ரெப்போவில் கிடந்தபோதும் அதேதான். அடுத்த கமிட்டில் (ரெப்போவில் பதிவாகும் ஒரு மாற்றம்) அழித்துவிட்டோம் என்றார்கள். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருள் பழைய கமிட்டை மறக்காது, முதலில் அந்தக் கீயை ரத்து செய்து புதுசு வாங்குங்கள் என்றேன். தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதை விட்டுவைக்கலாம், எரியப்போவதையும் திருட்டுப்போகப் போவதையும் விட்டுவைக்க முடியாது.

குழுவில் ஒருவர் வீடியோ காலில் பேசவே மாட்டார், கமிட் பட்டியலிலும் பெயர் இல்லை. மற்றவர்கள் ஜாடை மாடையாகக் குறை சொல்ல ஆரம்பித்ததும் அவரிடம் தனியாகப் பேசினேன். சால்டரிங், வயரிங், ராத்திரி முழுக்க மண்ணின் ஈரத்தை அளந்து நோட்டில் எழுதியது எல்லாம் அவர்தான். கமிட் எண்ணிக்கையை வைத்து உழைப்பை அளப்பது எங்கள் ஆபீஸ்களிலும் நடக்கிற அநியாயம்தான். அந்த அளவுகளையும் வயரிங் படங்களையும் அவர் பெயரிலேயே ரெப்போவில் ஏற்றச் சொன்னேன். அறிக்கையில் சோதனைப் பகுதி முழுவதும் அதை வைத்துத்தான் எழுதப்பட்டது.

"இது போதுமா சார், மார்க் எவ்வளவு வரும்?" என்ற கேள்வி அடிக்கடி வரும். அதற்கு என்னிடம் ஒரே பதில்தான்: பேராசிரியரிடம் கேளுங்கள். நான் பார்ப்பது கருவி ஓடுகிறதா என்று, அவர் பார்ப்பது முன்னால் யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று படித்தார்களா, முறையாகச் சோதித்தார்களா என்று. இரண்டுக்கும் நடுவில் மாணவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் மூன்று தரப்பும் உள்ள ஒரே குரூப்பில்தான் எல்லாம் பேசினோம். தனி மெசேஜில் வந்த கேள்விகளையும் அங்கேயே கொண்டுவந்து போடச் சொன்னேன்.

டெமோவுக்கு முன்னால் நான் அழுத்திச் சொன்னது வைஃபை பற்றித்தான். கல்லூரி வைஃபையில் லாகின் பக்கம் வரும், அதில் இந்தச் சின்ன போர்டைச் சேர்ப்பது தலைவலி, சொந்த மொபைல் ஹாட்ஸ்பாட் எடுத்துப் போங்கள், அதையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள், ஈஎஸ்பி32க்கு 5 தெரியாது. எல்லாம் கைவிட்டால் காட்ட ஒரு வீடியோவும் எடுத்து வைத்துக்கொண்டார்கள், தேவைப்படவில்லை. காய்ந்த மண் உள்ள தொட்டிக்குப் பம்ப் ஓடியது, ஈரத் தொட்டிக்கு ஓடவில்லை, தேர்வாளர் சென்சாரைக் கையால் பிடித்துப் பார்த்து ஏன் அளவு மாறுகிறது என்று கேட்டபோது பதில் சொன்னது, காலில் பேசவே பேசாத அவர்.

அடுத்த செமஸ்டருக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன், ஃபார்மில் ஒரே ஒரு குழு என்று எழுதி. இரண்டாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு மெயில் வந்திருக்கிறது. முடியாது என்றுதான் பதில் போடப்போகிறேன்.