பூஸ்ட்ரோஃபீடன்: மாடு திரும்பும் இடத்தில் திரும்பும் எழுத்து

ஆங்கிலத்தில் அரிதாகவே புழங்கும் ‘பூஸ்ட்ரோஃபீடன்’ என்னும் சொல், மேலூர்ப் பக்கத்து வயல்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் உடனே பிடிபடும். கிரேக்கத்தில் ‘பூஸ்’ என்றால் மாடு; ‘ஸ்ட்ரோஃபே’ என்றால் திருப்பம். ஏரில் பூட்டிய மாடு வரப்புவரை ஒரு சால் (உழவுக் கோடு) ஓட்டிச் சென்று, அங்கே திரும்பி, அடுத்த சாலினை எதிர்த்திசையில் ஓட்டி வருவதுபோல, ஒரு வரியை வலமிருந்து இடமாகவும் அடுத்த வரியை இடமிருந்து வலமாகவும் மாற்றி மாற்றி எழுதும் முறைக்கே இப்பெயர். (வயலைச் சுற்றி உழுவதும் நம்மிடம் உண்டு, இச்சொல் குறிப்பது போய்த் திரும்பும் உழவை.)

கிரீட் தீவின் கோர்டின் நகரில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சுவரில் வெட்டப்பட்ட சட்டத் தொகுப்பு, சுமார் 600 வரிகளில், இம்முறையிலேயே அமைந்துள்ளது. அதில் வரி திரும்பும்போது எழுத்தும் திரும்பிக்கொள்கிறது: ஆங்கில E போன்ற எப்சிலான் எழுத்தின் மூன்று கைகளும் ஒரு வரியில் இடப்புறம் நீண்டால் அடுத்த வரியில் வலப்புறம் நீளும். ஆகவே எழுத்தின் முகத்தை வைத்தே, எந்தப் பக்கமிருந்து படிக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஈஸ்டர் தீவின் ரோங்கோரோங்கோ எழுத்துப் பலகைகளிலோ, அடுத்தடுத்த வரிகள் ஒன்றுக்கொன்று தலைகீழாக நிற்கின்றன.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. ஆந்திரத்தின் யெர்ரகுடியில் உள்ள அசோகரின் சிறு பாறைக் கட்டளையில் சில வரிகள் இவ்வாறு வெட்டப்பட்டுள்ளன. ஆனால் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கிய, மதுரை அருகே உள்ள நம் மாங்குளத்துத் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் இடமிருந்து வலமாகவே செல்கின்றன.

இச்சொல்லுக்குத் தமிழில் ‘கோமூத்திரி’ என்று எழுதிவிடும் ஆசை எனக்கும் எழுந்தது. கோமூத்திரி என்பது அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் ஒரு சித்திரகவி, அதாவது எழுத்துகளை வடிவமாக அமைத்துப் பாடும் பாட்டு; அதுவும், நடந்துகொண்டே நீர் விடும் மாட்டின் தாரை தரையில் வளைந்து வளைந்து விழுவதைக் கொண்டே பெயர் பெற்றது. ஆனால் கோமூத்திரியில் மேல்வரி எழுத்தும் கீழ்வரி எழுத்தும் மாறி மாறிப் படிக்கப்படுகின்றன. பூஸ்ட்ரோஃபீடனில் ஒரு வரி முழுவதும் முடிந்த பிறகே கண் அடுத்த வரிக்கு இறங்குகிறது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது இரண்டுக்கும் நியாயமாகாது.

இருபுறமிருந்தும் படித்தால் ஒன்றாகவே வரும் பாடலை மாலைமாற்று என்கிறோம் அல்லவா? அவ்வழியில் இதனைச் ‘சால்மாற்று’ எனலாம் என்பது என் கருத்து. ‘யெர்ரகுடிக் கட்டளையின் சில வரிகள் சால்மாற்றாக வெட்டப்பட்டவை’ என்று எழுதிப் பார்த்தேன். தமிழில் அது இயல்பாகவே நிற்கிறது.