ராவா, ஜேபெக்கா?

அக்கா மகள் கல்யாணம். அதிகாலை முகூர்த்தம். கேமரா கார்டில் இடம் போதாதோ என்று பயந்து எல்லாப் படங்களையும் ஜேபெக்கிலேயே, அதாவது கேமராவே சரிசெய்து சுருக்கித் தரும் சின்ன ஃபைலாகவே, எடுத்தேன். மேடையில் மஞ்சள் விளக்கு, பக்கத்தில் வீடியோக்காரரின் வெள்ளை எல்இடி. வீட்டுக்கு வந்து பார்த்தால், மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் மடிப்பே தெரியவில்லை, ஒரே வெளுப்பு. அரக்குப் புடவையின் நெசவும் ஒட்டிப்போன சிவப்பாக இருந்தது. தாலி கட்டிய நொடி அது. திரும்ப எடுக்கவா முடியும்?

அன்றிலிருந்து விசேஷம் என்றால் ரா (RAW) தான்: கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் சென்சார் பதிந்ததைச் சமைக்காமல் வைத்திருக்கும் ஃபைல். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 8 பிட், அதாவது 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. விளக்கின் நிறத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸும் ராவில் வெறும் குறிப்பாகத்தான் இருக்கும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். ஜேபெக்கில் கேமராவே முடிவுசெய்து படத்தோடு கலந்துவிடும். ஆனால் சென்சாரே நிரம்பி வழிந்த வெளுப்பை ராவும் மீட்டுத் தராது. அதனால் வேட்டியின் வெளிச்சத்தைப் பார்த்து அளவு வைத்து, கொஞ்சம் இருட்டாகவே எடுக்கிறேன். நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

ஃபைல் பெரியதுதான். என் 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் 25, 30 எம்பி வருகிறது. பையனின் கிரிக்கெட் ஆட்டம், நல்ல வெயில் என்றால் ஜேபெக்கே போதும். தொடர்ந்து அமுக்கினாலும் கேமரா திணறாது.

அடுத்த மாதம் தங்கை மகனுக்குக் காதுகுத்து. இரண்டு வடிவத்திலும் சேர்த்தே எடுக்கப்போகிறேன்: சொந்தக்காரர்களுக்கு அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்ப ஜேபெக், ஆல்பத்துக்கு ரா. 128 ஜிபி கார்டு இரண்டு வாங்கி வைத்துவிட்டேன்.