இதயத் தசையின் தழும்பை சிடியில் அளப்பது

எக்கோ பார்த்தாச்சு, ஆஞ்சியோவும் பார்த்தாச்சு, அடைப்பு ஒன்றும் இல்லை, ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வருகிறவர்களில் சிலருக்குக் கோளாறு ரத்தக்குழாயில் இருக்காது, தசையிலேயே இருக்கும். செல்களுக்கு நடுவே தழும்பு மாதிரி நார் படிந்து இதயம் விறைத்துப் போயிருக்கும். இதைப் பார்க்க எம்ஆர்ஐதான் என்று பழகிவிட்டோம். சிடியிலும் அளக்கலாம் என்றால் சிடி அறையில் வேலை பார்க்கிற எங்கள் ஆட்களே சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

விஷயம் இதுதான். படத்தில் பளிச்சென்று தெரிவதற்காக நாம் ஊசியில் ஏற்றுகிற அயோடின் மருந்து, அதாவது கான்ட்ராஸ்ட், நல்ல நிலையில் இருக்கும் செல்லுக்குள் நுழையாது; ரத்தத்திலும் செல்களுக்கு இடையிலான சந்துகளிலும்தான் தங்கும். செங்கல் சுவரில் சாந்து மட்டும் சாயத்தை உறிஞ்சுகிற மாதிரி. நார் கூடினால் சந்து அகலமாகும், அங்கே அயோடினும் கூடும். ஊசி போட்டதும் எடுக்கிற படம் குழாய்களுக்கு. தசைக்கு ஓர் ஐந்து நிமிஷம் பொறுத்து இன்னொரு படம் எடுக்க வேண்டும்.

கணக்கு பெரிய கணக்கில்லை. கான்ட்ராஸ்டுக்கு முன்பு எடுத்த படத்தைவிட தசையில் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் (சிடி படத்தில் ஒரு இடம் எவ்வளவு வெளிச்சம் என்பதன் அளவு) எவ்வளவு ஏறியது, ரத்தத்தில் எவ்வளவு ஏறியது என்று பார்த்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்து, ரத்தத்தில் சிவப்பணு போக மீதமுள்ள பங்கால் பெருக்கினால் போதும். ஹீமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு, 40 சதவீதம் என்றால் அந்தப் பங்கு 0.6. ரத்தத்தில் 100 ஏறி தசையில் 42 ஏறினால் விடை, அதாவது தசையில் சந்துகளின் பங்கு, சுமார் 25 சதவீதம், நல்ல இதயம். தசையில் 50 ஏறினால் 30 சதவீதம், யோசிக்க வேண்டியது.

42-க்கும் 50-க்கும் நடுவே வெறும் 8 எண்தான், கவனித்தீர்களா? குறைந்த கதிர்வீச்சில் எடுத்த படத்தில் ஒவ்வொரு புள்ளியும் அதைவிட அதிகமாகவே ஆடும். அதனால் இரண்டு கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் முடிந்தவரை பெரிய வட்டம் போட்டு சராசரி எடுப்போம், ஆனால் ஓரத்தில் துளி ரத்தம் உள்ளே வந்துவிட்டாலும் எண் எகிறிவிடும். நோயாளி முதல் படத்துக்கு ஒரு மாதிரியும் அடுத்ததற்கு வேறு மாதிரியும் மூச்சைப் பிடித்தால் இரண்டு படமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. இரட்டை ஆற்றல் சிடியில் இந்தத் தலைவலி குறைவு, அயோடினை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டுவதால் முந்தைய படமே தேவைப்படாது. 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபோட்டான் எண்ணும் சிடியிலும் அப்படித்தான்.

இந்த அளவை வெறும் கணக்கு வித்தையில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் குழு 2013-ல் இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் போகிற வாசலான அயோர்ட்டிக் வால்வு சுருங்கியவர்களிடம் அறுவை சிகிச்சையின்போது எடுத்த திசுத் துணுக்குகளோடு சிடி அளவை ஒப்பிட்டது, பொருந்தி வந்தது.

என் கணிப்பில் இதன் நிஜமான இடம் டாவி நோயாளிகள். காலில் குழாய் விட்டு அயோர்ட்டிக் வால்வு பொருத்தும் முன் அவர்களுக்கு எப்படியும் சிடி எடுக்கிறோம். இந்த வயதானவர்களில் ஏழெட்டுப் பேருக்கு ஒருவருக்கு இதயத்தில் அமிலாய்டு புரதமும் படிந்திருக்கிறது, அப்போது இந்த எண் பலருக்கு 40-ஐத் தாண்டிவிடும். இந்த அமிலாய்டுக்கான டஃபாமிடிஸ் மருந்து 2019-லேயே வந்துவிட்டதால் கண்டுபிடித்தும் பயனில்லை என்று இப்போது சொல்ல முடியாது. மேஜையில் படுத்திருப்பவரை இன்னும் ஐந்து நிமிஷம் படுக்க வைப்பதில் என்ன நஷ்டம்? கதிர்வீச்சு கொஞ்சம் கூடும், எண்பது வயதில் அது பெரிய கவலை இல்லை.

அதற்காக எம்ஆர்ஐயை ஓரங்கட்ட முடியாது. மாரடைப்பு விட்டுப்போன சின்னத் தழும்பு அதில்தான் பளிச்சென்று தெரியும். அப்புறம், சிடி எண் உயர்ந்தால் தழும்புதான் என்றும் இல்லை, நீர் கோத்திருந்தாலும் உயரும்.

செய்கிறவர்களுக்கு ஒன்று: ஹீமடோக்ரிட்டை அன்றைக்கே எடுத்த ரத்தத்தில் பாருங்கள். மூன்று மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டில் இருக்கும் 40-ஐப் போட்டு, இடையில் ரத்தசோகையால் அது 30 ஆகியிருந்தால், நிஜத்தில் 29 சதவீதம் இருக்கிற இதயத்தை 25 என்று எழுதி அனுப்பிவிடுவோம்.