தலைகீழாக மாட்டிய மாடல் விமானம்: ஆண்டெனா அளவீடு, இதுவரை

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நியூபோர்ட் என்ற இடத்தில் விமானப்படையின் ஆண்டெனா சோதனைத் தளம் இருக்கிறது. எஃப்-15, எஃப்-16 போன்ற போர் விமானங்களைக் கம்பத்தின் உச்சியில் மல்லாத்தி மாட்டி வைத்திருப்பார்கள். ஏன் அப்படி என்று படித்திருக்கிறேன். அளந்தும் பார்த்துவிடலாம் என்று தொடங்கியதுதான் இந்த வேலை.

மாடல் 1:20 அளவில் ஒரு செஸ்னா 172, சின்னப் பயணி விமானம். உண்மையான இறக்கை 11 மீட்டர், இங்கே 55 செ.மீ. விமானத்தைச் சுருக்கினால் அலையையும் அதே அளவு சுருக்க வேண்டும். விமானிகள் பேசப் பயன்படுத்தும் 120 மெகாஹெர்ட்ஸுக்குப் பதிலாக நான் 2.4 கிகாஹெர்ட்ஸில் அளக்கிறேன். இரண்டரை மீட்டர் அலைநீளம் 12.5 செ.மீ. ஆகிவிடுகிறது. உடம்பு தெர்மோகோல், மேலே அலுமினியத் தாள். தாள் மெல்லிசுதான், ஆனால் இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் 2 மைக்ரான் ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடும், அதனால் போதும். வயிற்றில் 3 செ.மீ. செம்புக் கம்பி, அதுதான் ஆண்டெனா. அலை அனுப்பும் கம்பம் 5 மீட்டர் தள்ளி. இதைவிடக் கிட்டே வந்தால் அலைமுகம் வளைந்தே மாடலைத் தொடும். அளப்பது நானோவிஎன்ஏ, ஆண்டெனாவுக்கு வரும் அலையின் வலுவைத் திரையில் கோடாகக் காட்டும் கையடக்கக் கருவி.

முதலில் நிமிர்த்தி மாட்டினேன். தாங்கும் பிவிசி குழாயும் கேபிளும் வயிற்று வழியாகத்தான் ஏற வேண்டும், அதாவது ஆண்டெனாவுக்குப் பக்கத்திலேயே. அதைவிடப் பெரிய தொல்லை தரை. வயிற்று ஆண்டெனா கீழே பார்ப்பதற்கென்றே வைத்தது. தரையில் பட்டு எழும்பும் அலையையும் நேராக வரும் அலையோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளும்.

இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. மாடலை அசைக்காமல் எதிர்க்கம்பத்தின் ஆண்டெனாவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் உயரம் என்றால், 12 செ.மீ. உயர்த்தும்போது தரையில் பட்டு வரும் பாதை அரை அலைநீளம் நீளும். நேர்ப்பாதை மாறவே மாறாது என்று சொல்லலாம். கூட்டிக்கொடுத்த அலை இப்போது கழிக்கும். திரையில் கோடு கிட்டத்தட்ட 4 டெசிபெல் இறங்கியது. விமானத்தில் எதுவும் மாறவில்லை, ஆண்டெனாவும் அதேதான்!

அப்புறம் மாடலைக் கவிழ்த்தேன். குழாய் இப்போது முதுகில் நுழைகிறது, கேபிளும் அதற்குள்ளேயே. ஆண்டெனா வானத்தைப் பார்க்கிறது. தரைக்கும் அதற்கும் நடுவில் விமானத்தின் உடம்பே மறைப்பாக நிற்கிறது. அதே 12 செ.மீ. சோதனையில் மாற்றம் 1 டெசிபெலுக்கும் குறைவு. எனக்கு இந்த எண்தான் மொத்த வேலைக்கும் பதில். நிஜத்தில் தரை நிலையம் விமானத்துக்குக் கீழே இருக்கும். நிமிர்த்தி வைத்து அந்தக் கோணத்தை அளக்க வேண்டுமானால் கம்பத்தை மண்ணுக்குள் இறக்க வேண்டியதுதான். கவிழ்த்தால் மேலே தூக்கினால் போதும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கவிழ்த்தால் இடது வலது மாறும், அதனால் மாடலைச் சுற்றி அளக்கும்போது சுழற்சிக் கோணத்தின் குறியைத் திருப்பிப் போட்டுத்தான், எந்தத் திசையில் எவ்வளவு அலை என்ற வரைபடத்தை வரைய வேண்டும்.

எல்லா ஆண்டெனாவுக்கும் இது பொருந்தாது. ஜிபிஎஸ் போல முதுகில் இருப்பவற்றுக்கு விமானம் நிமிர்ந்தே நிற்கலாம். ரேடாரில் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் சோதனை வேறு வகை என்றாலும் அங்கும் கவிழ்ப்பதுண்டு. எதிரி ரேடார் கீழிருந்துதானே பார்க்கும். ஏ-12 உளவு விமானத்தின் முழு அளவு மாதிரியை 1950களின் கடைசியில் அமெரிக்காவின் ரகசியச் சோதனைத் தளமான ஏரியா 51-இல் அப்படித்தான் கம்பத்தில் ஏற்றினார்கள்.

இப்போது சக்கரக் கால்களைச் செம்புக் கம்பியில் செய்து வயிற்றில் பொருத்தியிருக்கிறேன். கவிழ்ந்த மாடலில் அவை ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் அண்ணாந்து நிற்கின்றன. முதல் சுற்றிலேயே வரைபடத்தில் மூக்குப் பக்கம் ஒரு பள்ளம் தெரிகிறது. முன்காலைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.